சாவும் சிரிப்பும்: எட்வேட் கோரியின் சிறுநூல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகை, அச்சம், இளிவரல் என்பவற்றைத் தொல்காப்பியர் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வகுத்துக் காட்டினார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் வேறு. அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் வேறு. ஆயினும், ஒரே பக்கத்தில் ஒரே கணத்தில் இம்மூன்றையும் ஒருங்கே எழுப்பும் நூல்களும் உலகில் உள. அவற்றைப் படிப்பவன் முதலிற் சிரிக்கிறான்; பின்னர், தான் சிரித்தது ஒரு குழந்தையின் சாவைக் கண்டு என்பதை உணர்ந்து கூசுகிறான்.

அமெரிக்க ஓவியரும் எழுத்தாளருமான எட்வேட் கோரி (1925 - 2000) தம் வாழ்நாளிற் படைத்த படச் சிறுநூல்கள் இத்தகையன. சின்னஞ்சிறு அளவு; பெரும்பாலும் பதினான்கு முதல் முப்பது வரையான படங்கள்; படமொன்றுக்கு ஓரிரு வரிகள்; அவ்வரிகளும் ஆசிரியரின் கையெழுத்திலேயே அமைந்தவை. குழந்தைகளுக்கான நூலின் தோற்றத்தை உடைய இவை குழந்தைகளுக்கு உரியனவா என்னும் வினா, அவை வெளிவந்த நாள் முதலாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. இவற்றிலுள்ள சிரிப்பு கொடுமையின் வெளிப்பாடா? இத்தகைய நூல்களுட் பலவற்றை ஆசிரியர் தாமே வெளியிட நேர்ந்தமைக்குக் காரணம் யாது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பக்தியின் பெயரால்

குழந்தையின் சாவைக் கோரி நூற்பொருளாகப் புதிதாகக் கண்டுபிடித்தாரல்லர். ஆங்கிலத்திற் சிறுவர்க்கென எழுதப்பட்ட தொடக்ககால நூல்களின் தலையாய பொருளே அதுதான். 1671ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஜேன்வே என்னும் தூய்மைவாத மதகுரு சிறுவர்க்கென ஒரு நூலை வெளியிட்டார். இறைபக்தி மிக்க குழந்தைகள் எவ்வாறு மகிழ்ச்சியோடு இறந்தனர் என்பதை அந்நூல் ஒவ்வொருவராக எடுத்துரைத்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சான 'நியூ இங்கிலாந்து அரிச்சுவடி' எழுத்துக்களைக் கற்பிக்கும் போதே பாவத்தையும் சாவையும் கற்பித்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு மரச்செதுக்குப் படமும் ஓர் எதுகைச் செய்யுளும் அதில் இடம்பெற்றன. உலகத்தை வென்ற மன்னனும் மாண்டான், இளமையும் நிலையாது, இவையே குழந்தை முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த செய்திகள்.

இதனைக் கொடுமை என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அன்றைய சமூக நிலையையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். அக்கால ஐரோப்பாவிற் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் முதல் அரைப்பங்கினர் வரை பராயமடையுமுன்னரே இறந்தனர். உடன்பிறந்தாரைப் புதைகுழிக்கு அனுப்பாத குழந்தை அரிது. எனவே சாவுக்கு ஆயத்தப்படுத்துவதைப் பெற்றோர் தம் கடமையெனக் கொண்டனர். குழந்தையின் சாவுக்கு ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பதே அந்நூல்களின் அடிப்படை நம்பிக்கை.

இதே காலப்பகுதியில் மற்றொரு மரபும் வளர்ந்து வந்தது. ஒரு தாளின் இருபுறமும் அச்சிட்டு, மடித்து, எட்டு, பதினாறு அல்லது இருபத்துநான்கு பக்கங்களாக்கி, ஊர் ஊராகச் சுற்றிய சிறுவணிகர் ஒரு பென்னிக்கு விற்ற நூல்களே அவை. பேய்க் கதைகளும் கொலைக் கதைகளும் வீரர் கதைகளும் அவற்றில் வந்தன. ஒரே மரச்செதுக்குப் படம் பல கதைகளுக்குப் பயன்பட்டது. கற்றோர் இவற்றை இழிவாகக் கருதினர். ஏழை மக்களோ விரும்பிப் படித்தனர். இவற்றின் செல்வாக்கை அறிந்த ஹன்னா மோர் என்னும் அம்மையார், 1795ஆம் ஆண்டு தொடக்கம் அவற்றின் உருவத்தையே கையாண்டு மலிவான போதனைப் பிரசுரங்களை வெளியிட்டார். ஏறத்தாழ ஓராண்டில் இருபது இலட்சம் பிரதிகள் பரவின. ஏழையின் கேளிக்கை நூலின் உருவத்துள் மேலோரின் போதனை புகுந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

எச்சரிக்கையும் ஏளனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. யேர்மனியின் பிராங்போட் நகர வைத்தியரான ஹைன்றிச் ஹொவ்மன், 1844ஆம் ஆண்டு நத்தாரின் போது மூன்று வயது மகனுக்குப் படநூலொன்று வாங்கச் சென்றார். நீண்ட போதனைகளைத் தவிர எதனையும் காணாது, வெற்றுக் கொப்பி ஒன்றை வாங்கி வந்து தாமே படமும் பாட்டும் எழுதினார். அடுத்த ஆண்டில் அது புனைபெயரில் 1500 பிரதிகளாக அச்சாகி விரைவில் விற்றுத் தீர்ந்தது. பின்னர் 'தலைவிரிகோலப் பீற்றர்' என உலகப் புகழ்பெற்ற நூல் இதுவே. சூப்பைக் குடிக்க மறுத்த சிறுவன் ஐந்தாம் நாளில் இறக்கிறான். விரல் சூப்பியவனின் பெருவிரல்களைத் தையற்காரன் கத்தரிக்கோலால் வெட்டுகிறான். இஃது எச்சரிக்கையா, எச்சரிக்கையைப் பற்றிய பகிடியா என்பதில் இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தண்டனை குற்றத்தைவிட மிகப் பெரிதாகும்போது அச்சம் நகையாகத் திரிகிறது என்பதை மட்டும் நாம் உறுதியாகக் கூறலாம்.

இங்கிலாந்தில், 1874ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து சென்ற ஓவியரான எட்வேட் லியர், 1846இல் தம் பொருளற்ற நகைச்செய்யுள்களைப் படங்களுடன் வெளியிட்டார். அவற்றில் மனிதர் எவ்விதக் காரணமுமின்றி அடிபடுகின்றனர். சிலர் இறந்தும் போகின்றனர். 1907இல் ஹிலேயர் பெலொக் எழுதிய எச்சரிக்கைக் கதைகளில் ஏளனம் வெளிப்படையாகவே அமைந்தது. தாதியின் கையை விட்டோடிய சிறுவனைச் சிங்கம் தின்கிறது. பொய் சொல்லிப் பழகிய சிறுமி வீட்டோடு எரிந்து போகிறாள். போதனையின் சட்டகம் அப்படியே இருக்க, அதன் உள்ளீடு மட்டும் வெறுமையாகி விட்டது. எனினும் ஒன்று எஞ்சியிருந்தது: இறந்த குழந்தை ஏதோவொரு தவறு செய்தே இறந்தது.

தாமே வெளியீட்டாளர் ஆனமை

சிக்காகோவிற் பிறந்த கோரி, இரண்டாம் உலகப் போரின்போது யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் இரசாயன ஆயுதங்கள் பரிசோதிக்கப்பட்ட படைமுகாமொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றினார். பின் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பிரெஞ்சு இலக்கியம் கற்று 1950இற் பட்டம் பெற்றார். 1953இல் நியூயோர்க்கில் டபிள்டே நிறுவனத்தின் கலைப் பகுதியிற் சேர்ந்து மலிவுப் பதிப்பு நூல்களுக்கு அட்டைப்படம் வரைந்தார். அவ்வாண்டிலேயே அவரது முதல் நூலும் வெளிவந்தது. 1959இல் எட்மண்ட் வில்சன் போன்ற பெரும் விமரிசகர் 'நியூயோக்கர்' இதழில் அவரைப் பாராட்டி எழுதினார். எனினும் விற்பனை சொற்பமாகவே இருந்தது.

குழந்தையொன்றை வெறுக்கத்தக்கதாகச் சித்திரித்து, இறுதியில் அது வெடித்துச் சிதறுவதாக முடியும் அவரது நூலொன்றை ஏற்று வெளியிடப் பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. 1962இற் கோரி 'பன்ரொட் பிரஸ்' என்னும் பெயரில் தாமே ஒரு வெளியீட்டகத்தைத் தொடங்கி அதனை ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டார். ஆசிரியர் பெயராகத் தம் பெயரின் எழுத்துக்களை மாற்றியமைத்து 'ஒக்டிறெட் வியறி' என இட்டார். 1966இல் மூன்று சிறுநூல்களை ஒரே உறையிலிட்டு வெளியிட்டார். அவற்றுள் ஒன்று 'பக்திமிகு பாலகன்'. ஏழை விதவை ஒருத்திக்கு உணவு கொண்டு செல்லும் வழியில் ஆலங்கட்டி மழையில் அகப்பட்டு நோயுற்று, நான்கு வயதிலேயே புனிதனாக இறக்கும் ஒரு சிறுவனின் கதை அது. ஜேன்வேயின் நூலைப் படித்தோர்க்கு இதன் மூலம் எதுவெனக் கூற வேண்டியதில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அப்பழைய பிரசுரம் அதே அடக்கமான குரலில், அதே சிறிய உருவத்தில் மீண்டும் வருகிறது. ஆனால் இம்முறை அதனை நம்புவோர் எவருமிலர்.

பெருநிறுவனம் ஒன்று நூலை வெளியிடுமுன் அது யாருக்குரியது, கடையில் எத்தட்டில் வைப்பது என்று கேட்கும். கோரியின் நூல்கள் இவ்வினாவுக்கு விடை கூற மறுப்பவை. அவற்றின் பயனே அம்மறுப்பிற்றான் உள்ளது. சிறுவெளியீடு அவ்வினாவைக் கேட்பதில்லை. நட்டமும் சிறிது, தணிக்கையும் இல்லை. 1920இல் பிரான்செஸ் ஸ்ரெலொவ் அம்மையார் தொடங்கிய நியூயோர்க்கின் கொதம் புத்தகசாலை போன்ற ஒரு நிலையமும் அதற்கு வேண்டியிருந்தது. 1967இல் அதனை வாங்கிய அன்ட்ரியாஸ் பிறவுண் கோரியின் நூல்களை விற்றதோடு சிலவற்றைத் தாமே வெளியிட்டும் உதவினார்.

ஒரு வேறுபாட்டையும் மறத்தலாகாது. பழைய பென்னி நூல் சிறிதாக இருந்தது, வாங்கியோர் ஏழைகளாக இருந்தமையால். கோரியின் நூல் சிறிதாக இருந்தது, வாங்கியோர் சிலராக இருந்தமையால். முன்னையது படித்துக் கிழிந்து அழிந்தது. பின்னையது சேகரிப்பாளரின் அலுமாரியிற் பெருவிலை பெற்றது. ஏழைகளின் நூலுருவம் இரசிகரின் அரும்பொருளாகியமை, வடிவங்கள் வர்க்கம் மாறிப் பயணஞ் செய்வதற்குத் தக்க சான்றாகும்.

குற்றமற்றோர் சாவு

கோரியின் நூல்களுட் பெரிதும் அறியப்பட்டது, 1963இல் வெளிவந்த 'காஷ்லிகிரம் சிறார்' என்னும் அரிச்சுவடி. ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறுக்கும் இருபத்தாறு குழந்தைகள், இருபத்தாறு சாவுகள். ஒருத்தி படிக்கட்டிலிருந்து விழுகிறாள். ஒருவனைக் கரடிகள் தாக்குகின்றன. மற்றொருவன் வெறும் சலிப்பினாலேயே சாகிறான். பல படங்கள் சாவைக் காட்டுவதில்லை. அதற்கு முந்திய கணத்தையே காட்டுகின்றன. நுண்ணிய பேனாக் கோடுகளால் நெய்யப்பட்ட இருளின் நடுவே சிறிய உருவமொன்று ஏதுமறியாது நிற்கிறது. இந்நூல் அடங்கிய தொகுதிக்குக் கோரி இட்ட துணைத்தலைப்பு 'ஒழுக்கபோதனை நூல்கள் மூன்று' என்பதாகும்.

ஆனால் போதனை எங்கே? இக்குழந்தைகள் எத்தவறும் செய்தாரல்லர். ஜேன்வேயின் குழந்தைகள் நல்லவர்களாக இருந்து இறந்தனர், அதனால் மோட்சம். ஹொவ்மனின் குழந்தைகள் கீழ்ப்படியாது இறந்தனர், அதனால் படிப்பினை. பெலொக்கின் குழந்தைகளும் தவறு செய்தே இறந்தனர், அதனால் சிரிப்பு. கோரியின் குழந்தைகளோ காரணமின்றி இறக்கின்றனர். மோட்சமுமில்லை, படிப்பினையுமில்லை. 1961இல் வெளிவந்த 'திக்கற்ற குழந்தை' இதனை மேலும் கூர்மையாகக் காட்டுகிறது. பெற்றோரை இழந்ததாக எண்ணப்பட்ட ஒரு சிறுமி துன்பத்தின்மேல் துன்பமுற்று, இறுதியில் உயிரோடு மீண்டுவந்த தந்தையின் மோட்டார் வண்டியிலேயே அகப்பட்டு இறக்கிறாள். அவரோ மகளை அடையாளங் காணவில்லை. நற்குணம் காக்கும் என்னும் உறுதிமொழி இங்கு முற்றாக முறிகிறது.

இந்நூல்கள் தோன்றிய காலமும் கவனத்துக்குரியது. 1960இல் ஐக்கிய அமெரிக்காவில் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 26 மட்டுமே ஓராண்டுக்குள் இறந்தன. குழந்தைச் சாவு அன்றாட நிகழ்ச்சியாக இருந்த சமூகத்தில் இத்தகைய நூலை எழுதியிருக்கவும் முடியாது, படித்துச் சிரித்திருக்கவும் முடியாது. எனவே இச்சிரிப்பு குழந்தைகளை நோக்கியதன்று. அவர்தம் சாவை எடுத்து அச்சுறுத்தும் கோலாகப் பயன்படுத்திய போதனையை நோக்கியது என்பதே எமது கருத்து.

நகையின் எல்லை

இக்கருத்துக்குச் சான்றாகக் கோரியின் மற்றொரு நூலைக் காட்டலாம். 1963 முதல் 1965 வரை இங்கிலாந்தில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து சிறுவர்களைக் கொன்ற உண்மைச் சம்பவத்தைத் தழுவி, 1977இல் அவர் 'வெறுக்கத்தக்க தம்பதி' என்னும் நூலை வெளியிட்டார். அதில் வழக்கமான விளையாட்டு இல்லை. வறண்ட வாக்கியங்களும் வெறுமையான அறைகளுமே உள்ளன. உண்மையான கொடுமையின் முன் அவரது நகை தானாகவே அடங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் கண்டு சிரிப்பவனாற் சிரிப்பை இவ்விடத்தில் நிறுத்தியிருக்க முடியாது.

1972இற் பதினைந்து சிறுநூல்கள் ஒரே தொகுதியாக வெளிவந்தபின் கோரியின் புகழ் பரவியது. 1977இல் 'டிராகுலா' நாடகத்துக்கு அவர் அமைத்த அரங்கும் உடையும் பெரும் வரவேற்பைப் பெற, உடையமைப்புக்காக மறு ஆண்டு ரோனி விருதும் கிடைத்தது. 1980 முதல் தொலைக்காட்சித் தொடரொன்றின் முகப்பிலும் அவரது உருவங்கள் அசைந்தன. பலருக்கும் அறிமுகமானதோடு, அவ்விருள் பலருக்கும் பழகிய அலங்காரமும் ஆயிற்று. கொதம் புத்தகசாலை 2007இல் மூடப்பட்டது. இன்று அவரது சிறுநூல்களைப் பெரும்பாலோர் தடித்த தொகுதிகளிலேயே படிக்கின்றனர்.

ஆயினும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறுநூலைத் தனியே விரித்து, இது குழந்தைக்கா முதியோர்க்கா என்று தெரியாது மயங்கி, சிரித்துப் பின் கூசும் அந்த அனுபவம் தொகுதிகளில் முழுமையாகக் கிட்டுவதில்லை. மக்களை அச்சுறுத்தி நல்வழிப்படுத்தலாம் என்னும் எண்ணம் எக்காலத்திலும் எந்நாட்டிலும் அழிந்துவிடவில்லை. அவ்வெண்ணத்தை எதிர்த்துப் பெருநூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. கோரியோ அதன் குரலிலேயே பேசி, அதன் உருவத்தையே அணிந்து, ஐந்நூறு பிரதிகளில் அதனை நகைப்புக்கு உரியதாக்கினார். சிறுநூல் வரலாற்றில் அவர்க்குரிய இடம் அதுவே எனலாம்.