கேட்க விரும்பாதவரிடம் சொல்வது

ஒரு நாட்டின் புலனாய்வு அமைப்பின் தலைவருக்கு என்ன வேலை? இரகசியம் திரட்டுவது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அதைச் செய்ய அவருக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர் தானே செய்தாக வேண்டிய வேலை வேறு. நாட்டை ஆள்பவர் முன்னால் போய் நின்று, எது தெரியும், எது தெரியாது, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆள்பவர் கேட்க விரும்பாத நாளிலும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பதவி பிறந்ததே ஒரு தோல்வியின் பின்னால்தான். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பேர்ள் ஹார்பரைத் தாக்கியபோது, தரைப்படையிடமும் கடற்படையிடமும் வெளியுறவுத் துறையிடமும் துண்டு துண்டாகத் தகவல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் சிஐஏ அமைப்பை உருவாக்கியது. அதன் தலைவரே ஜனாதிபதியின் முதன்மைப் புலனாய்வு ஆலோசகராகவும் இருப்பார் என்று ஆனது. ஒரே ஆளுக்கு இரண்டு தொப்பிகள். ஒன்று தன் அமைப்புக்காகப் பேசச் சொல்லும். மற்றது அந்த அமைப்பையே சந்தேகிக்கச் சொல்லும்.

இரண்டாவது தொப்பியின் பாரத்தை 1962இல் உணர்ந்தவர் ஜோன் மெக்கோன். கலிபோர்னியாக்காரர், பொறியியல் படித்தவர், கப்பல் கட்டுமானத்தில் பணம் சம்பாதித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்புத் தோல்விக்குப் பிறகு ஆலன் டலஸ் விலக, ஜனநாயகக் கட்சியின் கென்னடி இவரை 1961 நவம்பரில் அந்தப் பதவிக்குக் கொண்டுவந்தார். ஒற்று வேலையில் அனுபவம் இல்லாதவர் என்று அமைப்புக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது.

1962 ஆகஸ்டில், கியூபாவில் சோவியத் ஒன்றியம் விமான எதிர்ப்பு ஏவுகணைகளை நிறுவுவது தெரியவந்தது. தற்காப்புக்கு என்றார்கள். மெக்கோனுக்கு அது சரியாகப் படவில்லை. உயரத்தில் பறக்கும் யூ-2 உளவு விமானத்தையும் வீழ்த்தக்கூடிய ஏவுகணைகள் அவை. மேலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாத எதையோ கொண்டுவரப் போகிறார்கள், அது அமெரிக்காவை எட்டக்கூடிய அணு ஏவுகணையாகத்தான் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்த மாதமே கென்னடியிடம் சொன்னார். கையில் ஆதாரம் இல்லை.

அதே மாதக் கடைசியில் அவருக்கு மறுமணம் நடந்தது. தேனிலவுக்குத் தென்பிரான்சின் கடற்கரைக்குப் போனவர், அங்கிருந்தும் வாஷிங்டனுக்குத் தந்தி மேல் தந்தியாக அனுப்பினார். 1992இல் சிஐஏ வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் அவற்றைப் படித்தபோது என்னை நிறுத்தியது அவருடைய ஊகத்தைவிட அவருடைய தனிமை. தலைவர் அவர். ஆனால் அவருடைய அமைப்பு அவரோடு இல்லை. பதில் தலைவராக இருந்த ஜெனரல் மார்ஷல் கார்ட்டர் அந்தத் தந்திகளை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோகவில்லை. செப்டெம்பர் 19 அன்று, ஷெர்மன் கென்ட் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை தலைவரின் கருத்துக்கு நேரெதிராக வந்தது. கியூபாவில் அணு ஏவுகணைகளை வைப்பது சோவியத்தின் வழக்கத்துக்குப் பொருந்தாது, மொஸ்கோ அந்த அளவுக்குத் துணியாது என்றது அது.

கென்ட்டின் குழுவினரை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. கியூபாவிலிருந்து தப்பி வந்தவர்கள் ஏவுகணைக் கதைகளை முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பல பொய்யாகிப் போயிருந்தன. நியாயமான ஆட்கள் நியாயமாக யோசித்தார்கள். குருஷேவ்தான் அந்த நியாயத்துக்குள் அடங்கவில்லை.

இடையில் இன்னொரு சிக்கல். ஒரு யூ-2 சோவியத் வான்வெளிக்குள் தவறி நுழைந்திருந்தது. இன்னொன்று சீனாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் அரசியல் தொல்லை என்று பயந்து, கியூபாவுக்கு நேர் மேலே பறப்பதை வெகுவாகக் குறைத்தார்கள். ஐந்து வாரங்களுக்கு மேல் தீவின் மேற்குப் பகுதியை எந்தக் கமெராவும் பார்க்கவில்லை. திரும்பி வந்த மெக்கோன் சண்டை பிடித்தது இதற்காகத்தான். ஒக்டோபர் 14 அன்று மேஜர் ரிச்சர்ட் ஹெய்சர் ஓட்டிய விமானம் சான் கிறிஸ்டோபல் பகுதியைப் படம் எடுத்தது. மறுநாள் படங்களை ஆராய்ந்தவர்கள் ஏவுகணைகளை அடையாளம் கண்டார்கள். 16ஆம் திகதி காலை கென்னடிக்குச் செய்தி போனது. அடுத்த பதின்மூன்று நாட்கள் உலகம் அறிந்தவை.

மெக்கோனின் ஊகம் பலித்தது என்பதோடு இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஆதாரமில்லாமல் உறுதியாக இருந்தவர் அவர். அப்படி உறுதியாக இருந்து தவறிப்போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தன் நம்பிக்கையைச் சோதிக்கும்படி அவரே கேட்டார். ‘என்னை நம்புங்கள்’ என்பதோடு நிற்காமல், விமானத்தை அனுப்பிப் பாருங்கள் என்றார். அங்கே ஒன்றும் இல்லை என்று படம் வந்திருந்தால் அவமானம் அவருக்குத்தான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நாற்காலியில் ஜோர்ஜ் டெனட் இருந்தார். மெக்கோனுக்குக் கிடைக்காத நெருக்கம் இவருக்குக் கிடைத்தது. அநேகமாக நாள்தோறும் காலையில் ஜனாதிபதி புஷ்ஷை நேரில் சந்தித்தார். 2002 ஒக்டோபரில், ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய தேசிய மதிப்பீடு சில வாரங்களிலேயே தயாரானது. நடமாடும் உயிரியல் ஆயுதக்கூடங்கள் பற்றிய அதன் பகுதி பெரிதும் ஒரே ஓர் ஆளின் வாய்மொழியில் தங்கியிருந்தது. ஜேர்மனியில் தஞ்சம் கேட்ட ஈராக்கியர் அவர். ‘கர்வ்பால்’ என்பது அவருக்கு இட்ட புனைபெயர். அவரை விசாரித்தவர்கள் ஜேர்மானியர்கள். அவர் சொன்னதை வைத்து மதிப்பீடு எழுதிய அமெரிக்கர்கள் அவரை உட்கார வைத்து விசாரிக்கவில்லை. அணு ஆயுத விடயத்தில் வெளியுறவுத் துறையின் புலனாய்வுப் பிரிவு மறுப்பை எழுத்திலேயே வைத்தது. அலுமினியக் குழாய்கள் அணு வேலைக்கானவை அல்ல என்று எரிசக்தித் துறை நிபுணர்களும் சொன்னார்கள். அந்த மறுப்புகள் ஆவணத்துக்குள் கிடந்தன. ஊருக்குக் கேட்ட குரலில் அவை இல்லை. 2003 பெப்ரவரி 5 அன்று கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பேசியபோது, அவருக்குப் பின்னால் டெனட் உட்கார்ந்திருந்தார். அந்த இருக்கையே ஓர் உத்தரவாதம். ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2004இல் டெனட் பதவி விலகினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு புதிய சட்டம் இரண்டு தொப்பிகளையும் பிரித்து, தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் என்ற தனிப் பதவியை உண்டாக்கியது.

திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஒரு முழு அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர்; ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதிகாரம் அது. கர்வ்பால் விவகாரத்தைப் படித்த பிறகுதான் அது நிர்வாக நூல் என்று எனக்கு உறைத்தது.

மூன்றாவது விதத் தோல்வியும் உண்டு. அது நம் மண்ணில் நடந்தது. 2019 ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்கு இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. திட்டமிடுபவரின் பெயரும் தேவாலயங்கள் இலக்கு என்பதும் அதில் இருந்தன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். இங்கே தகவல் பொய்யில்லை, ஒற்றரும் தவறவில்லை. கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனது, அபாயம் போகவில்லை. 2023 ஜனவரியில் நாட்டின் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் பாதுகாப்புச் செயலாளர், பொலிஸ் மா அதிபர், அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் ஆகியோரையும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கட்டச் சொன்னது. பணிப்பாளரின் பங்கு 7.5 கோடி ரூபாய். அனுப்பினேன் என்பது சொன்னேன் ஆகாது என்பதற்கு ஒரு நீதிமன்றம் போட்ட விலை அது.

நான் கணினித் துறையில் ஆலோசகன். பெரிய நிறுவனங்களின் அமைப்புகள் ஏன் விழுந்தன என்று பார்ப்பது என் பிழைப்பின் ஒரு பகுதி. மணி அடிக்காமல் விழுந்தவற்றைவிட, மணி அடித்தும் விழுந்தவையே நான் கண்டவற்றில் அதிகம். மணியை யாரோ ஒருவர் கேட்டிருப்பார். மேலே ஒரு மின்னஞ்சலும் போயிருக்கும். எங்கள் துறையில் அதனால் பணம் போகும்; சீயோனில் பிள்ளைகள் போனார்கள்.

நம்மில் பலர் இப்போது வேறு நாடுகளில் வாக்களிக்கிறோம். ‘எங்களிடம் புலனாய்வுத் தகவல் இருக்கிறது’ என்று ஓர் அரசு சொல்லும்போது, தகவலைக் காட்டு என்று நாம் கேட்க முடியாது. ஆனால் சில கேள்விகளை நம் பிரதிநிதிகளைக் கொண்டு கேட்கலாம். இதைச் சொன்னவர் எத்தனை பேர்? யார் மறுத்தார்கள், அந்த மறுப்பு எங்கே இருக்கிறது? பொய்யா மெய்யா என்று பார்க்க ஒரு விமானத்தையாவது அனுப்பினீர்களா?