அப்பாவின் நோய்க்கு என்ன பெயர்? - ஆண் ஓமோன்களும் புரொஸ்டேட் புற்றுநோயும்

எங்கள் மூத்த அண்ணாவுக்கு 67 வயதில் புரொஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, வைத்தியர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, தகப்பனாருக்கும் இந்த நோய் இருந்ததா என்பது. சகோதரர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா 1996இல் வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் இறந்தவர். கடைசி மாதங்களில் சலம் போகக் கஷ்டப்பட்டார், இடுப்பெலும்பு நோகுது என்றார். நாங்கள் அதைச் சலக்கட்டு என்று சொன்னோம். அதற்கு மேல் ஒரு பெயர் வைக்க அங்கே வசதியும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. வர்த்தகமாணி படித்து, அகதியாக வந்த இந்த நாட்டில் கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள். ஆரம்ப மீதி தெரியாமல் பேரேடு திறந்தால் என்ன சிக்கல் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். அண்ணாவின் நோயை விளங்கிக்கொள்ளத் தேடிப் படித்தவற்றை, இதே கேள்விக்கு முன்னால் நிற்கக்கூடிய மற்றக் குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கருவில் வரும் கட்டளை

புரொஸ்டேட் என்பது சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி இருக்கும் ஒரு சிறிய சுரப்பி. விந்துடன் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியை இதுவே சுரக்கிறது. ஆண்களுக்கு மட்டுமே இது உண்டு. கருவில் ஆண் குழந்தைக்கு இது எப்படி உருவாகிறது என்பதில்தான் இந்த நோயின் கதையும் தொடங்குகிறது.

கருவின் முதல் ஆறு வாரங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் அடிப்படை ஒன்றே. அதன் பிறகு வை நிறமூர்த்தத்தில் உள்ள எஸ்.ஆர்.வை. என்ற மரபணு வேலை செய்யத் தொடங்க, விதைகள் உருவாகின்றன. இந்த மரபணுவை இலண்டன் விஞ்ஞானிகள் 1990இல் அடையாளம் கண்டார்கள். விதைகள் உருவானபின் நடப்பதை அதற்கு முன்பே, 1947இல், பிரான்சின் அல்பிரட் ஜோஸ்ட் முயல்களில் காட்டியிருந்தார். தாயின் வயிற்றில் இருக்கும் முயற்குட்டியின் விதைகளை ஆரம்பத்திலேயே அகற்றினால், அது ஆணாக இருந்தாலும் பெண்ணுக்குரிய உறுப்புகளே வளர்ந்தன. ஆண் உறுப்புகள் வளர வேண்டுமானால் விதைகளிலிருந்து ஓமோன் வந்துகொண்டே இருக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அவற்றில் முக்கியமானது.

டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது

புரொஸ்டேட் வளர இன்னும் ஒரு படி தேவை. உடலில் உள்ள ஒரு நொதியம் டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற மேலும் வீரியமான ஓமோனாக மாற்றுகிறது. இதன் முக்கியத்துவம் டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற கிராமத்தில் தெளிவானது. அங்கே சில குடும்பங்களில், பிறக்கும்போது பெண் பிள்ளை போலத் தோன்றிய குழந்தைகள் பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி 1974இல் தன் குழுவினருடன் இதற்கான காரணத்தை வெளியிட்டார். அவர்களுக்கு அந்த நொதியம் பிறவியிலேயே குறைவாக இருந்தது. வளர்ந்த பின்னும் அவர்களின் புரொஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது.

இந்த அறிவிலிருந்து பிறந்த குளிசைதான் பினாஸ்டிரைட். வயதானவர்களுக்கு வரும் சாதாரண புரொஸ்டேட் வீக்கத்துக்கு இது 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எங்கள் வயதுக்காரர் பலரின் மருந்துப் பெட்டியில் இது இருக்கிறது. தலைமுடி உதிர்வுக்கும் சிலர் எடுக்கிறார்கள்.

அயற் கலங்களின் பேச்சு

கருவில் டி.எச்.டி.யின் கட்டளையை முதலில் பெறுவது சுரப்பிக் கலங்கள் அல்ல, அவற்றைச் சுற்றியுள்ள தாங்கும் இழையம் என்பதை அமெரிக்காவில் ஜெரால்ட் குன்ஹாவின் எலி ஆய்வுகள் காட்டின. ஓமோன் கிடைத்ததும் அந்த இழையம் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களை வெளிவிட்டு, "வளர், கிளைவிடு" என்று பக்கத்துக் கலங்களுக்குச் சொல்கிறது. எப்.ஜி.எப்.10 அவற்றில் ஒன்று. அந்த மரபணு இல்லாத எலிகளில் புரொஸ்டேட் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது.

வளர்ச்சிக்குச் சமிக்ஞை இருப்பது போலத் தடையும் இருக்கிறது. கலத்துக்குள் பி.ரி.ஈ.என். என்ற மரபணு அத்தகைய ஒரு தடை. முற்றிய புரொஸ்டேட் புற்றுநோய்கள் பலவற்றில் இது பழுதாகி அல்லது தொலைந்து இருக்கிறது.

புற்றுநோயில் அயலாரின் பேச்சுக்குக் காத்திருக்கும் ஒழுங்கு குலைகிறது. சுரப்பிக் கலமே ஆண் ஓமோனைப் பிடித்துத் தன் சொந்தப் பெருக்கத்துக்குப் பயன்படுத்தத் தொடங்குகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழுவினர் 2005இல் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓமோனால் இயங்கும் ஒரு மரபணுவின் ஆளி, வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு மரபணுவுடன் தவறாக ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் ஓமோன் வரும்போதெல்லாம் தவறான மரபணு இயங்குகிறது.

இதனால் ஆண் ஓமோன் இரத்தத்தில் கூடியவருக்குத்தான் இந்த நோய் வரும் என்று எண்ணக்கூடாது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நடத்தைக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட்டு ஊரில் பேசுகிற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை.

ஓமோனை நிறுத்தும் சிகிச்சை

கனடாவின் ஹலிபாக்ஸ் நகரில் பிறந்த சார்ள்ஸ் ஹகின்ஸ், 1941இல் சிக்காகோவில், பரவிவிட்ட புரொஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களின் விதைகளை அகற்றினால் நோய் தணிவதைக் காட்டினார். பெண் ஓமோன் கொடுத்தாலும் அதே பலன் கிடைத்தது. 1966இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

சத்திரசிகிச்சை இல்லாமல் ஊசியால் அதைச் செய்ய வழி திறந்தவர்களில் முக்கியமானவர் அன்ட்ரூ ஷாலி. அவரும் ஒரு அகதி. 1939இல் போலந்து மீது படையெடுப்பு நடந்தபோது சிறுவனாகக் குடும்பத்துடன் ருமேனியாவுக்குத் தப்பியவர். பின்னர் ஸ்கொட்லாந்தில் படித்து, கனடா வந்து, மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மூளையின் ஐப்போதலமசிலிருந்து கபச்சுரப்பிக்குப் போகும் ஓமோனின் அமைப்பை அவரது குழு 1971இல் வெளியிட்டது. அந்த ஓமோன் விட்டுவிட்டு வந்தால்தான் கபச்சுரப்பி விதைகளை இயக்கும். அதைப் போன்ற மருந்தை இடைவிடாமல் கொடுத்தால் கபச்சுரப்பி களைத்து அடங்குகிறது, டெஸ்டோஸ்டிரோன் வீழ்கிறது. இன்று சில மாதங்களுக்கு ஒருமுறை போடும் லியூப்ரோலைட், கோசரலின் ஊசிகள் இவ்வகையானவை. முதல் ஊசியின் பின் ஓமோன் சில நாட்களுக்குக் கூடி, அதன் பிறகே குறையும். அதனால் தொடக்கத்தில் ஒரு தடுப்புக் குளிசையும் கொடுப்பது வழக்கம்.

காலப்போக்கில் பல புற்றுநோய்கள் மிகக் குறைந்த ஓமோனிலும் வளரப் பழகிவிடுகின்றன. புற்றுக் கலங்கள் ஓமோன் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கின்றன, சில தாமே ஓமோனை உண்டாக்குகின்றன. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அபிரட்டரோனும் 2012இல் வந்த என்சலுட்டமைட்டும் இந்த வழிகளை அடைக்க வந்த மருந்துகள். எல்லோருக்கும் ஓமோன் சிகிச்சை தேவைப்படுவதில்லை. சுரப்பிக்குள் அடங்கியிருக்கும், மெதுவாக வளரும் நோயைக் கண்காணிப்பில் மட்டும் வைத்திருப்பதும் உண்டு. சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை என்ற வழிகளும் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்தது

அண்ணா இரண்டு மாதம் ஊசி போட மறுத்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு மொழிபெயர்த்தது அவரின் 24 வயது மகள். ஆண்மை, விறைப்பு என்ற சொற்கள் வந்த இடங்களில் பிள்ளை சொல்லாமல் விட்டுவிட்டாள். "எப்படிச் சித்தப்பா அப்பாவிட்ட அதைச் சொல்றது?" என்று பிறகு எங்களிடம் அழுதாள். அண்ணாவோ வேறு யாரோ சொன்னதைக் கேட்டு, ஆண்மையை எடுக்கிற ஊசி என்று மட்டும் விளங்கி வைத்திருந்தார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கதைத்த அன்றுதான் ஊசி எதற்கு, என்ன பக்கவிளைவு, அவற்றுக்கு என்ன செய்யலாம் என்பதெல்லாம் அவருக்கு முழுதாகத் தெரிந்தது.

பக்கவிளைவுகள் உண்மையானவை. உடற்சூடு, ஆசைக் குறைவு, தசை குறைதல், எலும்பு பலவீனம், எடை கூடுதல் வரலாம். சர்க்கரை வியாதிக்கான வாய்ப்பும் கூடும். எங்கள் சமூகத்தில் அந்த வியாதி ஏற்கனவே அதிகம் என்பதால் இதை முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்து கேட்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

- ஆரம்பத்தில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இராது. சலம் தடைப்படுவது சாதாரண வீக்கத்தாலும் வரும். எதுவென்று வைத்தியரே பார்க்க வேண்டும்.
- தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுப் பழுது தாய்வழியாலும் வரலாம். ஆகவே தாய்வழியில் மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் இருந்ததையும் சொல்லுங்கள்.
- பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிப் பரிந்துரைக்கப்படுவதில்லை. 50 வயதளவில், குடும்பத்தில் நோய் இருந்தால் அதற்கு முன்னரே, குடும்ப வைத்தியருடன் பேசுங்கள்.
- பினாஸ்டிரைட் எடுப்பவரின் பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காட்டும். தலைமுடிக்காக எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.
- பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு வந்தது இந்த நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அண்ணாவுடையது எழுத்தில் இருக்கிறது. நோயின் பெயர், கண்டுபிடித்த வயது, கொடுத்த மருந்து என்று ஒரு தாளில் எழுதி, எங்கள் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் என்று பார்க்காமல், ஒவ்வொரு பிரதி கொடுத்திருக்கிறோம். அப்பாவைப் பற்றியும் கீழே ஒரு வரி சேர்த்தோம்: 1996, சலக்கட்டு, இடுப்பெலும்பு வலி, பரிசோதிக்கவில்லை.