செத்துப்போன உலகத்துக்கு எத்தனை பக்கம்?

இன்றைக்கு நேரா ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நாகாஷ் என்று ஒரு மந்திரவாதி இருக்கிறான். கற்பனைப் பாத்திரம்தான். எலும்புக்கூடு உடம்பு, தலையில் பெரிய கிரீடம், செத்தவர்களை எழுப்பிப் படை திரட்டுவது அவன் தொழில். இவனைப் பற்றி ஒரு ரசிகர் விக்கியில் எழுதணும்னா, ஒரு பக்கம் போதுமா, ரெண்டு பக்கம் வேணுமா?

இதுக்கெல்லாமா ஒரு எபிசோட் என்று நீங்க நினைக்கலாம். ஆனால் இதற்குப் பதில் சொல்லப் போனால், ஒரு கம்பெனி தன் சொந்த உலகத்தையே அழித்த கதைக்குள் போய் நிற்போம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிடறேன். வார்ஹேமர், 1983-ல் இங்கிலாந்தில் வந்தது. வெளியிட்டது கேம்ஸ் வொர்க்‌ஷாப், இன்றைக்கு நாட்டிங்ஹாமில் இருக்கிற கம்பெனி. மேஜை மேல் குட்டிப் பொம்மைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்துவீங்க. பொம்மைகள் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் உங்க வேலை. ஒரு முழுப் படையை முடிக்க மாசங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள். அதனால் இதை ஆடுகிறவர்களுக்குத் தங்கள் படையின் கதை, அதாவது யார் இவங்க, எந்த ஊர், எந்தப் போரில் ஜெயிச்சாங்க என்பது, சும்மா பின்னணி அல்ல. ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பிரஷ் பிடிச்சதுக்கு அதுதான் காரணம்.

அந்தக் கதை ஒரே புத்தகத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். விதிப்புத்தகத்தில் கொஞ்சம், ஒவ்வொரு படைக்கும் தனியாக வரும் புத்தகத்தில் கொஞ்சம், ஒயிட் டுவார்ஃப் இதழில் கொஞ்சம், நாவல்களில் மிச்சம். 1983-லிருந்து 2010 வரை விளையாட்டுக்கு எட்டுப் பதிப்புகள் வந்தன. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பழைய கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். மாற்றியதை வெளியே அறிவிப்பதும் கிடையாது.

ஸ்டார் வார்ஸ் ரசிகர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். லூகாஸ்ஃபிலிம் உள்ளேயே ஹோலோக்ரான் என்று ஒரு தரவுத்தளம் வைத்து, எந்தக் கதைக்கு எவ்வளவு மதிப்பு என்று படி பிரித்தார்கள். 2014 ஏப்ரலில் பழைய நாவல்கள், காமிக்ஸ் எல்லாவற்றையும் 'லெஜண்ட்ஸ்' என்று தனியாக ஒதுக்கினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனாலும் வூக்கிபீடியா எடிட்டர்களுக்குக் கோடு எங்கே என்பது தெரிந்துவிட்டது. பக்கத்தின் மேலே ரெண்டு டேப் போட்டார்கள்: ஒன்று கேனன், இன்னொன்று லெஜண்ட்ஸ். வார்ஹேமரில் அப்படி யாரும் கோடு கிழித்துக் கொடுக்கவில்லை.

இங்கே விக்கியின் சுபாவத்தையும் சொல்லணும். 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கியபோது, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் பஸ்ஸின் பெயரிலிருந்துதான் அந்தச் சொல்லை எடுத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் வேகம். அதில் அலமாரி கிடையாது, அத்தியாயம் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே தரையில் கிடக்கும், இணைப்புகள்தான் வழி. விக்கிப்பீடியா 2001-ல் வந்தது. அதன் மென்பொருளில் கேட்டகரி, தமிழ் விக்கிப்பீடியாவில் பகுப்பு என்பார்களே, அது சேர்ந்ததே 2004-ல்தான். புத்தகம் என்றால் ஆசிரியர் ஒருத்தர் வரிசையை முடிவு பண்ணிடுவார். விக்கியில் வரிசை என்பதே பேசிப் பேசி, சண்டை போட்டு உருவாக வேண்டியது.

அந்த 2004-ல்தான் விக்கிசிட்டீஸ் வந்தது. பிறகு விக்கியா ஆகி, இன்றைக்கு ஃபேண்டம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கற்பனைப் பாத்திரத்துக்கும் தனிப் பக்கம் எதற்கு என்று பலர் எதிர்க்க, அந்த எழுத்தெல்லாம் இப்படிப்பட்ட இடங்களுக்குக் குடிபெயர்ந்தது. வார்ஹேமருக்கென்றே லெக்சிகேனம் என்ற விக்கியும் உண்டு, ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும்.

இப்போ 2014-க்கு வருவோம். 'எண்ட் டைம்ஸ்' என்ற வரிசையில் ஐந்து பெரிய புத்தகங்கள். முதல் புத்தகத்தின் பெயரே நாகாஷ். கடைசிப் புத்தகம் 2015-ல் வந்தது, அதில் உலகம் அழிந்தது. உருவகமா சொல்லலைங்க, நிஜமாகவே கிரகமே போயிடுச்சு. அதே வருஷம் ஜூலையில் 'ஏஜ் ஆஃப் சிக்மர்' வந்தது. புது உலகங்கள், நாலே பக்க விதிகள், சதுர அடித்தட்டுக்குப் பதில் வட்டம். டுவார்ஃப் 'டுவார்டின்' ஆனார்கள், எல்ஃப் 'ஏல்ஃப்' ஆனார்கள். யாரும் உரிமை கொண்டாட முடியாத பொதுப்பெயர்களை விட்டுவிட்டு, டிரேட்மார்க் வாங்கக்கூடிய பெயர்களுக்குப் போனார்கள் என்றுதான் பலரும் புரிந்துகொண்டார்கள். ஒருத்தர் தன் டார்க் எல்ஃப் படையைத் தீ வைத்து எரித்து, அதை வீடியோவாகவே போட்டார்.

விக்கி எடிட்டர்களுக்கோ எரிக்க எதுவும் இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஆயிரக்கணக்கான பக்கங்கள். அந்தப் பக்கங்களில் புதுக் கதையையும் சேர்ப்பதா, தனி வீடு கட்டுவதா?

பெரும்பாலும் தனி வீடுதான் ஜெயித்தது. லெக்சிகேனத்தில் பழைய உலகத்துக்கு ஒரு தளம், ஏஜ் ஆஃப் சிக்மருக்கு ஒரு தளம், விண்வெளியில் நடக்கும் 40,000-க்கு இன்னொரு தளம். ஃபேண்டமிலும் இப்படித் தனித்தனிதான். ஊர்கள், படைகள், விதிகள் வரைக்கும் இது சரியாக ஓடும். பாத்திரங்களிடம் வரும்போதுதான் இடிக்கும். நாகாஷ் புது உலகத்தில் சாவின் கடவுளாகத் திரும்பி வந்துவிட்டான். கோட்ரெக் என்ற குள்ள வீரன் 1980-களின் கடைசியிலிருந்து கதைகளில் வருகிறவன். 2018-ல் ஒரு ஒலிநாடகம் மூலம் அவனும் புது உலகத்துக்குள் வந்து நின்றான். பழைய உலகத்தையும் நண்பன் ஃபீலிக்ஸையும் நினைத்துக்கொண்டே திரிகிறான். அவன் வாழ்க்கையைப் பாதியில் வெட்டி ரெண்டு தளத்தில் வைத்தால் படிக்கிறவருக்கு என்ன புரியும்? ஒரே பக்கமாக வைத்தால், பழைய உலகத்தை மட்டும் நேசிப்பவர் தனக்கு வேண்டாத கதையைத் தாண்டித்தான் வேண்டியதைத் தேடணும். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு.

ஆனால் ஒரு பக்கமா ரெண்டு பக்கமா என்பதைவிட, யாருடைய குரலில் எழுதுவது என்பதுதான் அசல் சண்டை என்பேன். ரசிகர் விக்கிகளில் ஒரு பழக்கம் உண்டு. அந்த உலகத்திலேயே உட்கார்ந்திருக்கும் வரலாற்றாசிரியர் மாதிரி இறந்தகாலத்தில் எழுதுவார்கள். ஸ்டார் ட்ரெக்குக்கான மெமரி ஆல்ஃபா அப்படித்தான், வூக்கிபீடியாவும் அப்படித்தான். படிக்க ரொம்ப சுகம். எதிர்முறையில், எந்த வருஷம், எந்தப் புத்தகத்தில், என்ன சொல்லியிருக்கு என்று சொல்லிச் சொல்லிப் போகணும். படிக்கக் கரடுமுரடு, ஒத்துக்கறேன். ஆனால் உள்ளிருந்து பேசும் குரலால் ஒரே உண்மையைத்தான் சொல்ல முடியும். கம்பெனி கதையை மாற்றினால், அதுவும் மாற்றிச் சொல்லிட்டுப் போகணும். பழைய கதை சுவடே இல்லாமல் மறையும்.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு 2004 கோடைகாலம் சாட்சி. 'ஸ்டார்ம் ஆஃப் கேயாஸ்' என்று உலகம் முழுக்க ஒரு போர் நடத்தினார்கள். கடையிலோ வீட்டிலோ நீங்க ஆடின ஆட்டத்தின் முடிவைப் பதிவு பண்ணலாம், அந்த முடிவுகளெல்லாம் சேர்ந்து கதை நகரும் என்று வாக்குறுதி. ஆர்க்கேயான் என்ற பேரழிவுத் தலைவன் மிடன்ஹைம் நகரம் வரைக்கும் வந்தான். கடைசியில் கிரிம்கோர் என்ற ஆர்க் தலைவன் குறுக்கே புகுந்து, தலையாலேயே அவனை முட்டிச் சாய்த்து, நான்தான் பெரிய ஆள் என்று சொல்லிட்டுப் போயே போய்விட்டான். அபத்தம்தான். ஆனால் அது ஆட்டக்காரர்கள் கூடச் சேர்ந்து எழுதின அபத்தம்.

அடுத்து வந்த புத்தகங்கள் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அந்தப் போரே நடக்காத மாதிரி போய்விட்டன. பத்து வருஷம் கழித்து எண்ட் டைம்ஸ் அதே ஆர்க்கேயானை வைத்து வேறு முடிவு எழுதியது. இப்போ ஆர்க்கேயான் பக்கத்தில் 2004 எங்கே வரும்? உள்ளிருந்து பேசும் குரலில் அதற்கு இடமே இல்லை, அது 'நடக்கவில்லை'. வருஷம் போட்டு எழுதும் பக்கத்தில் அதற்கு ஒரு பத்தி உண்டு. இதனால்தான் நான் ரெண்டாவது கட்சி. பக்கம் ஒன்றோ இரண்டோ, ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் புத்தகத்தின் பெயரும் வருஷமும் இருந்தால், நாளைக்கு யார் எப்படி அடுக்கினாலும் எதுவும் தொலையாது. ஒவ்வொரு தகவலுக்கும் அதிகாரபூர்வ நூலைக் காட்டச் சொல்லும் லெக்சிகேனத்தின் பிடிவாதம் அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

கதை அதோடு முடியலை. அழிந்த உலகம் திரும்பி வந்தது. 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்று 2019 நவம்பரில் அறிவித்து, 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஆனால் கதை நடப்பது அழிவுக்கு ரெண்டு நூற்றாண்டுக்கு மேல் முந்தைய காலத்தில். 'முடிந்துபோன உலகம்' என்று பூட்டி வைத்த தளத்தில் மறுபடி புதுப் பக்கங்கள். கேத்தே என்ற சீனச் சாயல் நாடு பல வருஷம் பழைய புத்தகங்களில் அங்கங்கே ஒரு பெயராக மட்டும் கிடந்தது. டோட்டல் வார் வீடியோ கேமுக்காக அதை விரிவாக உருவாக்கினார்கள், பிறகு 2025-ல் மேஜைக்கே படையாக வந்தது. வீடியோ கேமில் வருவது கணக்கில் சேராது என்று கதவை மூடியிருந்தால், அந்த எடிட்டர்கள் கதவைக் கழற்றியே ஆகணும்.

நம்ம பக்கத்து விஷயம் ஒன்று. அந்த உலக வரைபடத்தின் கிழக்கில் 'இண்ட்' என்று ஒரு தேசம் இருக்கு. பேரைக் கேட்டாலே தெரியுமே, இந்தியாவின் சாயல்தான். அதைப் பற்றி நூல்களில் வந்திருப்பது சிதறலான சில குறிப்புகள்தான். அதனால் விக்கிப் பக்கமும் சின்னதுதான். நீங்க உட்கார்ந்து சோழர் கடற்படை மாதிரி ஒரு படை, அதுக்கு ஒரு தலைநகரம் எல்லாம் அழகாக எழுதிச் சேர்த்தாலும், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பதில் இல்லைன்னா நீக்கிடுவாங்க.