ராமநாதபுரமும் கொங்கும்: இரண்டு வறட்சிகளின் வரலாறு

அரசு ஊழியர் ஒருவரைத் தண்டிக்க நினைத்தால் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றிவிடுவார்கள் என்பது தமிழகத்தில் நெடுநாள் வழங்கிவரும் பேச்சு. அந்தக் காடு ராமநாதபுரம்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மழைக் கணக்கு இந்தப் பெயருக்கு ஒத்துவரவில்லை. ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 820 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்கு நாட்டின் கோவைச் சமவெளிக்குக் கிடைப்பது 650 முதல் 700 மில்லிமீட்டர்தான். குறைவாக நனையும் சீமை தோட்டமும் ஆலையுமாகத் தழைத்தது. கூடுதலாக நனையும் சீமை வறட்சிக்கு மறுபெயரானது. பெய்த நீர் மண்ணில் எத்தனை நாள் தங்கியது, அந்த ஈரத்தை நீட்டித்துத் தரும் ஏற்பாடு யார் பொறுப்பில் இருந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால்தான் இந்த முரண் விளங்கும்.

முதலில், இந்தப் பெயர் தொன்மையானதல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் கோயம்புத்தூரும் ஒன்று. 1871இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைவிட 1881இல் அங்கே ஆட்கள் குறைந்திருந்தார்கள். அன்றைய மதுரை ஜில்லாவில் அடங்கிய ராமநாதபுரமும் தப்பவில்லை. ஆக, இரண்டில் ஒன்றுக்கு மட்டும் வறட்சிப் பட்டம் கட்ட 19ஆம் நூற்றாண்டில் முகாந்திரம் ஏதுமில்லை. இரண்டும் வானம் பார்த்த சீமைகள். அவை பிரிந்தது அதற்குப் பிறகு.

பிரிவுக்கு மண்ணும் ஒரு காரணம். கொங்கின் செம்மண் ஆழம் குறைந்தது, நீரைச் சீக்கிரம் விட்டுவிடும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் திட்டுகளில்தான் ஈரம் நிற்கும். ஆனால் செம்மண்ணுக்கு அடியில் சிதைந்த பாறை இருக்கிறது. மண் விட்ட நீரை அதன் வெடிப்புகள் வாங்கி வைத்துக்கொள்ளும். மழையும் கோடை, தென்மேற்கு, வடகிழக்கு என ஆண்டில் மூன்று முறை பிரிந்து வருவதால் அந்தச் சேமிப்பு அவ்வப்போது நிரம்பும். ராமநாதபுரத்தில் நிலைமை தலைகீழ். ஆண்டு மழையில் 60 விழுக்காட்டுக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. களிமண் நீரை நிறையப் பிடித்து வைத்தாலும் அதில் கணிசமான பங்கை வேரால் உறிஞ்ச முடியாத அளவுக்கு இறுக்கிக்கொள்கிறது. உப்பு சேர்ந்தால் இன்னும் மோசம்: கையில் அள்ளினால் மண் ஈரமாக இருக்கும், பயிர் வாடி நிற்கும். கிணறு தோண்டலாம் என்றால் பல இடங்களில் உவர்நீர்தான் ஊறும். அதனால்தான் அங்கே மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்து, முதல் துளியிலேயே முளைக்க விடுகிறார்கள். வறட்சியையும் உப்பையும் தாங்கும் குழியடிச்சான் நெல்லும் குண்டு மிளகாயும் இந்த மண்ணை அறிந்தவர்கள் கண்ட விடைகள்.

அப்படியானால் இது நிலவியலின் விதிதானே, வரலாற்றுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிலத்தடி நீர் உதவாத சீமையில் மேல்மண்ணின் ஈரத்தை நீட்டிக்க ஒரே வழி கண்மாய்தான். அதை உணர்ந்தே முன்னோர் ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் உபரி நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி சங்கிலியாக வெட்டினார்கள். வைகையே கடலைத் தொடுமுன் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாய் நாரை பறக்க முடியாத 48 மடைக் கண்மாய் என்று பேர் பெற்றது. 1803இல் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் நாடு நிரந்தர ஜமீன் ஆனபோது பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டுவது தவறக்கூடாத கடமையானது. மராமத்து மிஞ்சிய பணத்தில் செய்யும் வேலையானது. மிஞ்சியதோ சொற்பம், அதையும் வழக்குகள் தின்றன. ராமநாதபுரம் வாரிசு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868இல்தான் முடிந்தது. சங்கிலியில் ஒரு கண்மாய் தூர்ந்தால் கீழே உள்ளவையும் காயும். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது, செலவுக்குப் பணமில்லாமல் நின்றுபோனது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது பெரும்பயன் மதுரைப் பக்கம் போயிற்று. யோசித்த சீமை கடைமடையாகவே மிஞ்சியது. இதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

கொங்கில் நிலம் ரயத்துவாரி, அதாவது குடியானவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறை. சொந்தச் செலவில் கிணறு வெட்டிய குடியானவர் அதன் பலனைத் தாமே அனுபவிக்க முடிந்தது. எருது பூட்டிய கவலையில் நீர் இறைத்துக் காட்டைத் தோட்டமாக்கினார்கள். பவானி, நொய்யல், அமராவதி ஆறுகள் இருந்ததால்தான் கொங்கு பிழைத்தது என்பார்கள். ஆனால் ஆற்று வாய்க்கால்கள் எட்டிய வயல் கொஞ்சமே, மற்ற இடங்களில் கிணறுதான் தாங்கியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மோட்டார் கவலையின் இடத்தைப் பிடித்தது. பிறகு கீழ்பவானி, பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டங்களும் கைகொடுத்தன. மழை ஒரு மில்லிமீட்டரும் கூடாமலே வறட்சிச் சீமை வளச்சீமை ஆனது.

ஆனால் இந்த வெற்றியை நிரந்தரம் என்று கொள்ள முடியாது. கவலை இறைத்த காலத்தில் கிணறு ஊறும் வேகமே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. மோட்டார் அந்த எல்லையை அழித்தது. இன்று அவிநாசி, பல்லடம் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் 1000 அடியையும் தாண்டுகின்றன. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோது கொங்கின் தென்னைகளும் காய்ந்தன. 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானியின் உபரி நீரைக் குழாயில் ஏற்றிக் கொண்டுவந்து குளங்களில் விடுகிறது. கிணற்றால் எழுந்த சீமை மறுபடி குளத்தை நாடியிருக்கிறது என்பதே அதன் பொருள். ராமநாதபுரத்திலோ கண்மாய்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. வேரோடு பறித்து, வரத்துக்கால்களைத் திறந்துவிட்டால் ஒரே ஐப்பசி மழையில் பல கண்மாய்கள் நிரம்பக்கூடும். 1000 அடி ஆழப் பாறை அப்படி ஒரே ஐப்பசியில் நிரம்பாது.