தானம் கொடுக்கும் மாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவருக்குச் சொன்ன புத்திமதி அது. கொடுக்கிறவர் பல்லைப் பார்த்துத்தான் கொடுத்தாரா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பினாங்கில் பெருநாள் நெருங்கினால் வீடுகள் சுத்தமாகும். போகியன்று பழைய பாயையும் துடைப்பத்தையும் கழிப்பது தமிழர் வழக்கம். சீனர்களோ புத்தாண்டுக்கு முன்பே பெருக்கி முடித்துவிடுவார்கள். அன்றைக்குப் பெருக்கினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து வெளியே போய்விடும் என்பது நம்பிக்கை. குடியிருப்புகளில் கோத்தோங் ரோயோங் நடக்கிறது. கால்வாயைத் தூர்வாரும் கையோடு, வீட்டில் வேண்டாத சாமான்களை மூட்டை கட்டி, ஆதரவற்றோர் இல்லங்களுக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த மூட்டைக்குள் இருப்பது தானமா, குப்பையா?

கழிக்க இவ்வளவு சாமான் சேர்ந்ததே அண்மைக் காலத்தில்தான். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்கு வந்து, சிங்கப்பூர்வரை போகும். 1973-இல் அது ஓய்வு பெறும்வரை, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்குச் சொத்து என்று இருந்ததெல்லாம் ஒரு தகரப் பெட்டிதான். அந்தப் பெட்டிக்குள் வீணானது எதுவும் இருந்திருக்காது.

ஜார்ஜ்டவுனிலும் பழைய பொருளுக்கு மதிப்பு இருந்தது. ஒரு காலத்தில் கயிறு திரித்த தெரு ஜாலான் பிந்தால் தாலி. அது பின்னாளில் பழைய சாமான் சந்தையாகப் பெயரெடுத்தது. அங்கிருந்த வியாபாரம் பிறகு லோரோங் கூலிட்டுக்கு இடம் மாறியது. இந்தச் சந்தையில் ஒரு நியாயம் உண்டு. வாங்குகிறவர் காசு கொடுக்கிறார். ஆகவே விளக்கைப் போட்டுப் பார்ப்பார், கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்பார். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போவார். தானம் வாங்குகிறவருக்கு அந்த உரிமை கிடையாது.

வீட்டுப் பழம்பொருளை ஏழைக்குப் பயன்படுத்தும் யோசனைக்கு வயது நூற்றாண்டுக்கு மேல். இரட்சணிய சேனையைத் தொடங்கிய வில்லியம் பூத், 1890-இல் வெளியிட்ட நூலில், வீடு வீடாகச் சென்று வேண்டாத பொருளைத் திரட்டும் படை ஒன்று வேண்டும் என்று எழுதினார். 1902-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் அதற்கு இன்னொரு வழி கண்டார். வசதியானவர் வீட்டுப் பழைய துணியையும் சாமான்களையும் சேகரித்தார்; ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அவற்றைச் செப்பனிடச் செய்தார். குட்வில் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அங்கே ஏழை கையேந்தவில்லை, வேலை செய்தார்.

பினாங்கு மக்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் சூ ச்சி. தைவானில் 1966-இல் தோன்றிய இந்த அறநிறுவனம், மலேசியாவில் முதன்முதலாகக் கால் பதித்தது 1989-இல், பினாங்கில்தான். அதன் நிறுவனர் செங் யென், 1990-இல் தைச்சுங் நகரில் பேசியபோது கூட்டம் கைதட்டியது. தட்டும் கைகளைக் குப்பை பிரிக்கப் பயன்படுத்துங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதன்பின் மறுசுழற்சி அந்த அமைப்பின் முக்கியப் பணிகளில் ஒன்றானது. தொண்டர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். கொடுத்தவர் செய்ய மறந்த வேலையைத்தான் அவர்கள் பாதி நேரம் செய்கிறார்கள்.

அந்த வேலையை யாரும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2004 டிசம்பர் 26 அதைக் காட்டியது. ரஜுலா கப்பல் இணைத்திருந்த இரு கரைகளையும் ஒரே நாளில் சுனாமி தாக்கியது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எங்கிருந்தெல்லாமோ லாரி லாரியாகப் பழந்துணி தமிழகக் கடலோரத்துக்கு வந்து இறங்கியது. கிழிந்ததும் அழுக்கானதும் அந்த ஊருக்குப் பொருந்தாததும் அதில் நிறைய. சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தன. அனைத்தையும் இழந்த மீனவக் குடும்பமானாலும் எதைக் கொடுத்தாலும் உடுத்திக்கொள்ளும் என்று நினைத்தது யார் தவறு?

டில்லியில் அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, அந்தத் துணிகளை லட்சக்கணக்கில் எடுத்துச் சென்று தரம் பிரித்தது. உடுத்த முடியாததைப் பயனுள்ள வேறு பொருளாக்குவது அதன் வழி. கிராமத்தார் கிணறு வெட்டினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு ஈடாகவே துணி தரப்படுகிறது. அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மக்சேசே விருது கிடைத்தது.

பினாங்குக்கும் சோதனை வந்தது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மெத்தையும் அலமாரியும் குளிர்சாதனப் பெட்டியும் வாசலில் குப்பையாகக் குவிந்தன. முந்தின நாள்வரை கொடுக்கிற இடத்தில் இருந்த குடும்பங்கள் ஒரே இரவில் வாங்குகிற இடத்துக்கு வந்தன. ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு உலர்ந்த மெத்தை வேண்டும், சோறு பொங்க ஒரு பானை வேண்டும். வேலை செய்யாத மின்விசிறி வேண்டாம்.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது உண்மைதான். மிஞ்சியது வேறு, எஞ்சியது வேறு. அடுத்த கோத்தோங் ரோயோங்கில் மூட்டை கட்டும்போது, சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாதனத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்து என்ன தேவை என்று கேளுங்கள். இதே பொருளை அடுத்த வீட்டார் கொடுத்தால், தயங்காமல் வாங்கி நம் வீட்டுக் கூடத்தில் வைப்போமா? வைப்போம் என்றால் அது தானம். இல்லையென்றால், அதற்குரிய இடம் குப்பைத் தொட்டி.