சிங்கவரம் பாறையும் ஒரு வரைபடக் கோடும்

நிலவியல் படித்த நம் பழைய மாணவர்கள் சுத்தியல், கிளைனோமீட்டர், டோப்போஷீட் சகிதம் வெயிலில் அலைந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் களப்பயிற்சியின் வரலாற்றை இன்றைய மாணவர்களுக்காக நினைவுகூர்வது பொருத்தம்.

1794-ல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி எட்டு மாணவர்களுடன் தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு அதுவே வேர். 1802-ல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தம் அடிக்கோட்டை அளந்தார். நிலத்தின் மேல்தோற்றம் இப்படிக் காகிதத்துக்கு வந்தது. அடியிலுள்ள பாறையைப் படமாக்கும் வேலை, 1851-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை ஏற்பட்ட பிறகே முறைப்பட்டது. அத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு 1857 முதல் திருச்சி, தென்னாற்காடு ஜில்லாக்களை ஆராய்ந்தார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என அவர் பிரித்த பாறைத் தொகுதிகளை இன்றும் அதே பெயரில்தான் படிக்கிறோம்.

செஞ்சியும் அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்ததே. சிங்கவரத்தில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் பல்லவர் காலக் குடைவரை, சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் பகுதியில் இருக்கிறது. தென்கிழக்கே திருவக்கரைக்குப் போனால் கல்மரங்கள் கிடக்கும் கடலூர் மணற்கல். அதன் வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுதான். வழியில் எங்கோ கடினப்பாறை முடிந்து மணற்கல் தொடங்குகிறது. மண் மூடிய அந்த எல்லையைக் கிணற்று வெட்டிலும் ஓடைக்கரையிலும் தேடிப் பிடித்துக் கோடாகப் போடுவதே வரைபடக்காரரின் வேலை.

படத்தைப் படிப்பதும் ஒரு வித்தைதான். கிடையான அடுக்கின் எல்லை, சம உயரக் கோட்டோடு கூடவே ஓடும். செங்குத்தான டைக்கோ மேடு பள்ளம் பார்க்காமல் நேரே போகும். திண்டிவனம் பக்கம் கறுப்புக் கல் வெட்டுகிறார்களே, அவை இத்தகைய டைக்குகளே.

"இதெல்லாம் சாட்டிலைட்டே காட்டிடுமே சார்!" என்பார்கள் மாணவர்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மண்ணுக்கடியில் இருக்கும் எல்லையை உறுதிசெய்ய நடந்துதான் ஆக வேண்டும். மணற்கல்லில் நீர் மணல் துளைகளில் நிற்கும். கிரானைட்டில் சிதைந்த மேல்பகுதியிலும் விரிசல்களிலும் மட்டுமே. கோடு தப்பினால், கடன் வாங்கி போர் போடும் விவசாயிக்குத்தான் நஷ்டம்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் களக்குறிப்பேடுகளைத் துறைக்குக் கொடுங்கள். அன்று நீங்கள் சாய்வு அளந்த பாறை முகப்பு, இன்று குவாரிப் பள்ளமாகவோ வீட்டு மனையாகவோ மாறியிருக்கலாம். அப்படியானால் உங்கள் குறிப்புதான் மிச்சம்.