ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?

போன மாதம் என் பேத்தி பிரசவ லீவில் வீட்டுக்கு வந்தாள். கோவையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "26 வாரம் சம்பளத்தோடு லீவு, தாத்தா" என்றாள். "அது எத்தனை நாள் சம்பளம்?" என்று கேட்டேன். "இதென்ன கேள்வி? வாரத்துக்கு ஏழு நாள்தானே!" என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த 'ஏழு நாள்தானே' என்பதைச் சொல்ல ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே தேவைப்பட்டது. வழக்கு போனதும் நம் கோவை மாவட்டத்திலிருந்துதான். அந்தக் கதையை இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பிரசவ காலப் பணம் பற்றிய சட்டம் நம் நாட்டில் முதலில் பம்பாய் மாகாணத்தில் 1929இல் வந்தது. பிறகு சென்னை உட்பட மற்ற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் செய்தன. இடத்துக்கு இடம் மாறிக் கிடந்ததை ஒன்றாக்கி, 1961இல் மத்திய அரசு மகப்பேறு நலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆலை, சுரங்கம், தோட்டம் எல்லாவற்றிலும் வேலை செய்யும் பெண்களுக்கு 12 வாரம். பிரசவத்துக்கு முன் ஆறு வாரத்துக்கு மேல் போகாமல் எடுத்துக்கொள்ளலாம். பிரசவமான பின் ஆறு வாரத்துக்கு அந்தப் பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது. லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கவும் கூடாது. முன் பகுதிப் பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, பிரசவமானதற்குச் சான்று காட்டிய 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சட்டத்தின் சுருக்கத்தை அந்த ஊர் மொழியில், பெண்கள் வேலை செய்யும் இடத்தில், கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும்.

இவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் 'வாரம்' என்றால் என்ன என்று மட்டும் எழுதவில்லை. அதை யாராவது எழுதுவார்களா? ஆனால் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் கைக்கு வந்தபோது அந்தச் சொல் சுருங்கிப் போயிற்று.

1967 டிசம்பரில் கோவை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. நிர்வாகம் பணம் கொடுத்தது. 84 நாளுக்கு அல்ல, 72 நாளுக்கு. 12 வாரத்தில் 12 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஞாயிறு கூலி இல்லாத நாள். வேலைக்கு வந்திருந்தாலும் அன்று கூலி கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? இதுதான் நிர்வாகத்தின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஒரு கணக்குக்காக நாள் கூலி 3 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 84 நாளுக்கு 252 ரூபாய், 72 நாளுக்கு 216. வித்தியாசம் 36 ரூபாய்.

அந்தப் பெண் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் ஏறி, டெல்லி வரை போயிற்று. 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள். இந்தச் சட்டம் கூலிக்குக் கூலி ஈடு கட்டுவதற்காக மட்டும் வந்ததல்ல. பெற்றவள் உடம்பு தேறவும், பிள்ளைக்குப் பாலூட்டி வளர்க்கவும், பழைய தெம்போடு வேலைக்குத் திரும்பவும் வந்தது. அதனால் அந்த நோக்கத்துக்கு ஏற்றபடிதான் சொல்லுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அந்த டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஏறக்குறைய பத்து வயது இருக்கும்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

1974இல் நான் வேறொரு எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வயது 22. பிரசவப் பணம் போட எனக்குச் சொல்லிக் கொடுத்த ஹெட் கிளார்க் நல்ல மனிதர். "தம்பி, ஞாயித்துக்கிழமையை எல்லாம் கழிச்சிடு, மறந்துடாதே" என்றார். பழைய ரிஜிஸ்தரைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் 72 என்றே இருந்தது. நானும் 72 என்று எழுதினேன்.

ஒரு நாள் பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "பன்னெண்டு வாரம்னு சொன்னாங்களே சார், கணக்கு குறையுதே" என்றார். விரல் விட்டு எண்ணி வந்திருந்தார். நான் காகிதத்தில் பெருக்கிக் காட்டி, "சட்டமே அப்படித்தாம்மா" என்றேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று போய்விட்டார். சட்டத்தை நான் அதுவரை படித்ததே இல்லை. அதன் தமிழ்ச் சுருக்கம் எங்கள் ஆபீசில் இருந்தது. ஆனால் பெண்கள் வந்து நிற்கும் தாழ்வாரத்தில் அல்ல, உள்ளே பீரோவுக்குப் பின்னால் சுவரில்.

தீர்ப்பு வந்தபின் எங்கள் ஆபீசிலும் கணக்கு 84 ஆயிற்று. எந்தச் சண்டையும் இல்லை. ஒரே நாளில் மாறியது. ஆனால் அதற்கு முன் போட்ட கணக்குகளை யாரும் திரும்ப எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று நானும் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குக் குறைந்த 12 நாள் குறைந்ததுதான்.

அதற்குப் பிறகு சட்டம் வளர்ந்தது. முன்பு 160 நாள் வேலை செய்திருந்தால்தான் இந்த உரிமை. 1988 திருத்தம் அதை 80 நாளாகக் குறைத்தது. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு இருந்த பெண்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரம் 26 ஆயிற்று. அதாவது 182 நாள். பழைய ஹெட் கிளார்க் கணக்குப்படி போட்டால் 156தான் வரும்.

லீவுச் சட்டத்தை முதலாளி மதித்தாரா என்று கேட்கிறோம். எங்கள் நிர்வாகம் சட்டத்தை மீறுவதாக யாரும் நினைக்கவில்லை. லீவு கொடுத்தோம், பணம் கொடுத்தோம், ரிஜிஸ்தரில் கையெழுத்தும் வாங்கினோம். சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மலையில் ஒரு தோட்டத் தொழிலாளிக்குத்தான் அந்தக் கேள்வி கேட்கத் தோன்றியது.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்த அம்மா பேர் என்ன தாத்தா, உங்க ஜன்னல்கிட்ட வந்தவங்க?" என்று கேட்டாள். எத்தனையோ மாதம் செக்ரோலில் அந்தப் பேரை என் கையால் எழுதியிருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.